ஆண்டவருக்கு ஒதுக்கிய நேரம்

உலகத்துச் சபைகளிலேயே கடவுளுக்கு முறைப்படி நேரம் ஒதுக்கிக் கொடுத்தது செல்லூரில் உள்ள எங்கள் சபை ஒன்றுதான். ஆராதனைக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு அறிவிக்கிறேன். நான்காவது பாடலுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே ‘தேவ குறுக்கீடு’ என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தே வைத்திருக்கிறோம். அப்போது விளக்குகள் மங்கும். கீபோர்டு மெல்ல இழையும். ஆண்டவர் தாராளமாகக் குறுக்கிடலாம்.

சென்ற ஞாயிறு, இரண்டாவது பாடல் உச்சத்தில் இருந்தபோது ஒரு பெண் செருப்புக் காலோடு உள்ளே ஓடிவந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. பக்கத்துத் தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் அன்னக்கொடி.

“அண்ணே, சந்துல நிக்கிற வெள்ளக் காரு யாருது? எங்க வீட்டுக்காரரு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. ஆம்புலன்ஸு உள்ள வர முடியாம நிக்குதுண்ணே!”

கார் எங்கள் ஆராதனைத் தலைவர் சகோதரர் குணசீலனுடையது. அவரோ மேடையில் கண்களை மூடி, கைகளை உயர்த்தி, “ஆண்டவரே, இறங்கி வாரும்” என்று உருகிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரின் முதுகைத் தட்டிக் காரை எடுக்கச் சொல்ல நான் என்ன அவிசுவாசியா?

“உக்காருங்கம்மா” என்று அன்போடு நாற்காலி போட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கான வரவேற்பு அட்டையையும் நீட்டினேன். “ஜெபம் வேணும்னா நாலாவது பாட்டு முடியட்டும்.”

“அதுவரைக்கும் அவரு உசுரு இருக்குமாண்ணே?”

“விசுவாசம் வேணும்மா.”

திடீரென்று கீபோர்டு நின்றது. வாசித்துக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி, அதன்மேல் குணசீலன் வைத்திருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவந்தாள். “வாங்கக்கா, நான் காரை எடுக்கிறேன்” என்று அன்னக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பாட்டின் நடுவில்!

நாங்கள் கலங்கவில்லை. டிரம்ஸை மட்டும் வைத்தே நான்காவது பாடலையும் முடித்தோம். விளக்குகள் மங்கின. “ஆண்டவரே, இப்போது குறுக்கிடும்!” என்றார் குணசீலன். கீபோர்டு இல்லாததால், தெருவில் சைரன் விலகிப் போவது தெளிவாகக் கேட்டது. பக்திக்கு இடைஞ்சலாக இருந்ததால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

ஆண்டவர் அன்றும் வரவில்லை.

மாலையில் குழு கூடித் தமிழ்ச்செல்வியிடம் விளக்கம் கேட்டது.

“அந்தண்ணன் பொழச்சுக்கிட்டாரு! இன்னுங் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டமாம்” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

“அதையா கேட்டோம்? தேவ குறுக்கீட்டு நேரத்துல நீ எங்க போன?” என்றார் குணசீலன்.

“ஆண்டவரு ரெண்டாவது பாட்டுக்கே வந்துட்டாரேண்ணே. செருப்போட வந்ததால உங்களுக்கு அடையாளம் தெரியல.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எவ்வளவு பெரிய பாதுகாப்புக் குறைபாடு! நான்காவது பாடல் முடியும்வரை யாரும் உள்ளே வராதபடி வாசலில் இரண்டு பேரை நிறுத்துவது என்று உடனே தீர்மானம் போட்டோம். ஒருமனதாக நிறைவேறியது.

இனிமேல் கடவுளே வந்தாலும் எங்களைத் தாண்டி உள்ளே வந்துவிட முடியாது.