சௌரப் பயிற்சி

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலத்தில் நடந்த மாபெரும் நிகழ்ச்சி, தொண்ணூற்றாறாம் ஆண்டு மைசூரில் என் தலைமையில் நடந்த 'மாற்றுத் தொழில் பயிற்சி'தான். இதை நானே சொல்லக் கூடாது. வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

நஞ்சன்கூட்டில் ஓர் ஆலை தன் நிலக்கரி பாய்லரை மூடியது. அதில் கரி அள்ளிப் போட்டவர்கள் எல்லாம் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர்கள். அவர்களைச் சூரியசக்தி வேலைக்குத் தயார் செய்யும் 'புனிதப் பொறுப்பு' எங்கள் அரசுப் பயிற்சி மையத்துக்கு வந்தது. கன்னட அறிவிப்பைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு. ஏனென்றால், மனைவியோடு தமிழில் சண்டை போடுகிறவன் ஆபீசில் நான் ஒருவன்தான்.

கன்னடத்தில் 'சௌர' என்றால் சூரியனைச் சேர்ந்தது. நானும் 'சௌரப் பயிற்சி' என்றே எழுதி, என் புலமையை நானே மெச்சிக்கொண்டேன். தமிழ்க் காதில் அது சவரமாக விழும் என்பதெல்லாம் புலவர்களுக்குத் தோன்றாது.

முதல் நாளே பாய்லர்காரர் அய்யாவு எழுந்தார். "ஏனுங்க சார், கத்தி நாங்களே கொண்டாரோணுமுங்களா?"

"கத்தி எதுக்கு ரீ? எல்லாம் டிபார்ட்மெண்ட் கொடுக்கும். சொல்ப பொறுங்க" என்று கன்னடம் கலந்து சமாதானம் சொன்னேன்.

டிபார்ட்மெண்ட் ஒரே ஒரு சூரியத் தகடு கொடுத்தது. வெயிலில் வைத்தால் வீணாகிவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினோம். நான் கரும்பலகையில் சூரியனை வரைந்து பாடம் நடத்தினேன். மூக்கும் வாயும்கூட வரைந்தேன்.

"இது முடிஞ்சா வேலை கெடைக்குமுங்களா? ஊட்ல அடுப்பெரியலீங்க" என்றார் அய்யாவு.

"சூரியன் தினம் வருதில்ல? வேலையும் வரும்."

விழா நடந்தது. மாலை, கேசரிபாத், சான்றிதழ் எல்லாம் வந்தன. வேலை வரவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது, 'கரிக் குடும்பங்களுக்கு ஒளியேற்றியதற்காக'.

பதவி உயர்வுக்காக முடி காணிக்கை நேர்ந்திருந்த வேண்டுதலைத் தீர்க்க நஞ்சன்கூடு கோயிலுக்குப் போய், ஆற்றங்கரையில் தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே மரத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், என் கையெழுத்தோடு ஒரு சான்றிதழ்: 'சௌரப் பயிற்சியில் முதல் வகுப்பில் தேறியவர்'. கத்தியோடு நின்றவர் அய்யாவு.

ஆனந்தம் பொங்கியது. ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது! அறிக்கையில் 'மகத்தான வெற்றி' என்று எழுதிவிடலாம்.

"மத்தவங்கல்லாம்?"

"கூலிக்குக் கூட ஆளெடுக்கறதில்லீங்க. ஊருக்கே போயிட்டாங்க. தலையக் குனியுங்க சார்."

சுருக்கென்றது. கத்தியால் அல்ல. கத்தி வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது.

"இதை நாங்க சொல்லிக்கொடுக்கலியே அய்யாவு, யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

அவர் கை நிற்கவில்லை.

"உங்ககிட்டத்தானுங்க சார். எங்க அத்தன பேருக்கும் மொட்டை அடிச்சீங்களே, பக்கத்துல உக்காந்து பாத்தனுங்க."