பச்சை மைக்காரன்

டமார்!

கோதண்டம் அறைந்து மூடிய வேகத்தில் மேசை இழுப்பறையே ஆடிப்போனது.

"மறுபடியும் கை வெச்சுட்டான்!"

அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தப் பெயிண்ட் கம்பெனியில் கலவைப் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். எதை எதோடு கலந்தார்கள் என்று தினமும் ரிஜிஸ்டரில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நேற்று, 'நீலமும் வெள்ளையும் சேர்ந்த காம்பவுண்ட்' என்று எழுதியிருந்தார். யாரோ அதை அடித்து, பச்சை மையில் 'மிக்சர். சும்மா கலந்தால் காம்பவுண்ட் ஆகாது' என்று திருத்தியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ? புதிதாக வந்த கௌதம்தான். வெள்ளிக்கிழமை சீனியர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். போட்டியில் இருப்பது அவர்கள் இருவர்தான்.

மாலையில் ரிஜிஸ்டரை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, வழக்கம்போல் சாவியைக் கேட்டில் கொடுத்தார்.

"துலுக்கானம், இது கௌதம் கைக்குப் போகவே கூடாது."

"என்னாண்ட கீற வரிக்கும் ஒருத்தன் தொட முடியாது சார்" என்றார் வாட்ச்மேன்.

மறுநாள், 'தின்னரும் டிரம்மும் சேர்ந்த பிளெண்ட்' என்ற வரிக்குப் பக்கத்தில் பச்சை மை கேட்டது: 'டிரம்மையுமா கரைத்தீர்கள்?'

கள்ளச் சாவி! கோதண்டம் உடனே ஆங்கிலத்தில் புகார் எழுதினார். கவரை ஒட்டக்கூடப் பொறுமை இல்லை.

"துலுக்கானம், காலையில மேனேஜர் வந்ததும் குடுத்துடு."

வெள்ளிக்கிழமை மேனேஜர் மனோகரன் இருவரையும் அழைத்தார்.

"ரிஜிஸ்டரைத் திருத்தறது கௌதம்தான்னு உறுதியா சொல்றீங்களா கோதண்டம்?"

"சத்தியமா சார்! எழுத்துலயே குடுத்துட்டேனே!"

"சார், நான்..." என்று விழித்தான் கௌதம்.

"நடிக்காதடா!"

மேனேஜர் புகாரை நீட்டினார். 'கௌதமும் கள்ளச் சாவியும் சேர்ந்த மிக்சர்' என்பதில் மிக்சர் அடிக்கப்பட்டு, பச்சையில் 'காம்பினேஷன்' என்றிருந்தது.

"ஆடிட்டுக்கு வந்தவங்க இந்தத் திருத்தங்களைப் பார்த்து அசந்துட்டாங்க. இவ்வளவு சரியா எழுதறவர்தான் சீனியரா இருக்கணும். நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க. கங்கிராட்ஸ் கௌதம்!"

கோதண்டம் புகாரைக் கசக்கிப் பிடித்தபடி கேட்டுக்கு வந்தார். துலுக்கானம் எழுந்து சலாம் வைத்தார்.

"இன்னா சார், மொகம் இப்டி கீது? லெட்டர்ல ஒரே ஒரு எடந்தான் திருத்துனேன். முப்பது வருசம் இஸ்கூல்ல இங்கிலீஷ் பேப்பர் திருத்துன கை சார், சும்மா இருக்க மாட்டேங்குது!"