ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுப் பாதுகாப்பு உபகுழு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு சாப்பாட்டின் வரலாற்றில் நடந்த மாபெரும் நிகழ்ச்சி எதுவென்று யாராவது கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லலாம். 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாகப் பன்னிரண்டரை மணிக்கு, மொன்றியலின் வில்லரேயில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், ஏழு தமிழர்கள் மடக்குக் கதிரைகளை விரித்து உட்கார்ந்து 'ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுப் பாதுகாப்பு உபகுழு'வை நிறுவினார்கள். நெருப்பைக் கண்டுபிடித்தவர்கள் கூட்டக் குறிப்பு எழுதவில்லை. இவர்கள் எழுதினார்கள்.

காரணம், அன்றைய தமிழ்ப் பூசையின் முடிவில் வந்து இரண்டு வார்த்தை பேசிய வயதான கியூபெக் பாதிரியார். முன்பெல்லாம் ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பங்கள் வீட்டுக்குப் போய், அவண் அடுப்பில் வாட்டிய இறைச்சியை, அதாவது ரோஸ்டை, நடுவில் வைத்து ஒரே மேசையில் சாப்பிடும். அந்த வழக்கம் இப்போது செத்துக்கொண்டிருக்கிறது என்று அவர் கண் கலங்கினார். தமிழர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம். அந்தத் தவறு நேராமல் தடுத்தவர் நீக்கிலாப்பிள்ளை.

நீக்கிலாப்பிள்ளை கிழமை நாட்களில் ஒரு தையல் தொழிற்சாலையில் அளவு பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எதற்காவது தலைவர். உபகுழுவுக்குத் தலைவராகத் தன் பெயரைத் தானே முன்மொழிந்தார். அடக்கம் காரணமாக, வழிமொழிவதை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

"எப்ப எப்பக் கூடுறது?" என்று கேட்டார் செயலாளர் ஞானேந்திரன்.

"ஞாயிறு மத்தியானம்தான் எல்லாருக்கும் ஒரு வேலையும் இல்லாத நேரம்," என்றார் தலைவர். ஏகமனதாக நிறைவேறியது.

முதல் மூன்று ஞாயிறுகள் 'ரோஸ்ட்' என்பதன் வரையறைக்குப் போயின.

"எங்கட வீடுகளில ஆர் ரோஸ்ட் போடினம்? அவணுக்க தாச்சியும் சட்டியுமெல்லே கிடக்கு," என்றார் பொருளாளர் அருமைராசா. இதை ஒருவரும் மறுக்கவில்லை. மொன்றியல் தமிழ் வீடுகளில் அவண் என்பது உள்ளே விளக்கு எரியும் அலுமாரி.

"அப்ப ஆட்டிறைச்சிப் பிரட்டலைச் சேர்ப்பம்."

"பிரட்டலில குழம்பு நிண்டால்?"

"எவ்வளவு குழம்பு?"

நீண்ட வாதத்துக்குப் பிறகு, 'அடுப்பில் ஏறி, குழம்பு வற்றி, சட்டியின் அடி பிடிக்கும் தறுவாயில் இறக்கப்படும் எதுவும் ரோஸ்டாகக் கருதப்படும்' என்று பதியப்பட்டது. பசியெடுத்தபோது ஞானேந்திரன் கடையிலிருந்து கொண்டுவந்த மட்டன் ரோல்ஸ் பரிமாறப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பரிமாறப்பட்டது.

கோடை முடிவதற்குள் உபகுழு ஓர் ஆய்வு நடத்தத் தீர்மானித்தது. பங்கிலுள்ள மற்ற நாற்பது குடும்பங்களுக்கும் தொலைபேசியில் விண்ணப்பம் போனது: ஞாயிறு மத்தியானம் ஒருவர் வீட்டுக்கு வந்து, நீங்கள் ஒன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று பார்க்கலாமா? நாற்பது பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"ஞாயிறு மத்தியானம் வராதையுங்கோ. நாங்கள் சாப்பிடுற நேரம்."

இவர்கள் 'ஒத்துழைக்காத குடும்பங்கள்' என்று வகைப்படுத்தப்பட்டு ஆய்விலிருந்து நீக்கப்பட்டார்கள். மிஞ்சியவை உபகுழுவின் ஏழு உறுப்பினர்களுடைய ஏழு வீடுகள். ஏழு விலாசங்களையும் ஏழு கடித உறைகளில் போட்டு, ஆளுக்கொன்று எடுப்பது. தன் வீட்டைத் தானே எடுக்கக்கூடாது. யாருக்கு எந்த வீடு என்பது இரகசியம். பக்கச்சார்பைத் தவிர்க்கும் இந்த விதிகளை வகுத்தவர் தலைவர். 'குடும்பம் மேசையில் அமர்ந்து சாப்பாடு தொடங்கும்வரை கணக்கெடுப்பாளர் வீட்டைவிட்டு வெளியேறலாகாது' என்ற விதியும் அவருடையதே. அதைச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. நாள்: ஒக்ரோபரின் கடைசி ஞாயிறு.

அன்றிரவு நீக்கிலாப்பிள்ளை கார்ட்டியர்வில்லில் உள்ள தன் வீட்டில் இந்தச் செய்தியை அறிவிக்குமுன் மனைவி அக்னெஸ் ஒரு செய்தியை அறிவித்தாள்.

"இஞ்சருங்கோ, வாற மாசக் கடைசி ஞாயிறு பொடியன் கல்கரிக்குப் போறான். ஆறரைக்குப் பிளேன். ஒண்டரைக்கு மேசையில இருக்கவேணும் நீங்கள். நான் வேலையில கெஞ்சி லீவு எடுத்திருக்கிறன்."

"ஞாயிறோ?"

"ஓம். சனிக்கு அடுத்த நாள்."

"அண்டைக்குத்தான் கணக்கெடுப்பு."

"என்ன கணக்கெடுப்பு?"

"குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒண்டாயிருந்து சாப்பிடுதோ எண்டு."

அக்னெஸ் ஒரு பேணி அரிசி களைகிற நேரம் அவரையே பார்த்தாள்.

"நல்ல விசயம்," என்றாள். "செய்யுங்கோ."

இருபத்தொன்பது வருட மணவாழ்வில் அவள் 'நல்ல விசயம்' என்று சொன்னது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டின் விளைவுகளையும் நீக்கிலாப்பிள்ளை இன்னும் அனுபவித்துக்கொண்டிருந்தார். ஆகவே, "ஒரு வீடுதான். பத்து நிமிசத்தில முடிச்சுக்கொண்டு வந்திடுவன்," என்று சத்தியம் செய்தார்.

மகன் டனிஸ்ரன் ஒரே பிள்ளை. கல்கரியில் ஓர் எண்ணெய்க் கம்பனியில் அவனுக்கு வேலை. போகுமுன் அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஒருக்காலாவது உண்மையான ரோஸ்ட் போடுங்கோ அம்மா. ஸ்கூல்ல சண்டேச் சாப்பாட்டைப் படமாக் கீறச் சொன்னால் எல்லாரும் ரோஸ்ட் கீறுவாங்கள். நான் எங்கட புட்டைக் கீறினன். மணல் கோட்டை வடிவாக் கிடக்கு எண்டு டீச்சர் சொன்னவ."

கடைசி ஞாயிறு வந்தது. அக்னெஸ் பதினேழு வருடத்தில் முதல்முறையாக அவணைக் காலி செய்தாள். உள்ளேயிருந்து பதினொரு சட்டிகளும், இடியப்பத் தட்டுகளும், போன பிரதமர் காலத்திலிருந்து தேடிய ஒரு மூடியும் வெளியே வந்தன. ஓர் ஆட்டுத் தொடை கறித்தூளும் மிளகும் பூசிக்கொண்டு உள்ளே போனது. நீக்கிலாப்பிள்ளை பூசை முடிந்த கையோடு மண்டபத்தில் தன் உறையைப் பிரித்தார். லொங்குய்ய். ஆற்றுக்கு அந்தப் பக்கம். மஞ்சள் லைன் மெட்ரோவின் கடைசி. அருமைராசாவின் வீடு.

பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்தவள் அருமைராசாவின் மனைவி ஜெயனி. மேசையில் மூன்று கதிரைகள். ஒன்றில் பதினொரு வயது மகள் ஷெரோன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. இவர் வந்தவுடன சாப்பாடு போடுறன்."

"எங்க போயிட்டார்?"

"உங்கட கணக்கெடுப்புக்குத்தான். ஒரு வீடுதான், பத்து நிமிசத்தில வாறன் எண்டவர்."

இந்த வசனத்தை எங்கோ கேட்டதுபோல நீக்கிலாப்பிள்ளைக்கு இருந்தது. சாப்பாடு தொடங்கும்வரை வெளியேறலாகாது. அவர் சோபாவில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு மணி. அருமைராசா வரவில்லை.

"அங்கிள், உங்களுக்குப் பசிக்கேல்லையோ?" என்று கேட்டாள் ஷெரோன்.

"இல்லையம்மா, நான் இப்ப கடமையில."

"பப்பாவும் ஒவ்வொரு சண்டேயும் கடமையில. நாங்கள் சாப்பிட்டாப் பிறகு வந்து, ரோல்ஸ் மணக்க மணக்கப் படுப்பார்."

ஒன்றரை. கார்ட்டியர்வில்லில் அவணின் கதவு திறக்கப்படுவது நீக்கிலாப்பிள்ளையின் காதில் கேட்டது. எழுந்தார். விதியை எழுதியவரே மீறினால் பிறகு எந்த முகத்தோடு தலைமை தாங்குவது? உட்கார்ந்தார். ஜெயனியின் தொலைபேசியைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்தார். லைன் என்கேஜ். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி எடுத்தார். என்கேஜ். மூன்றாவது தடவையும் என்கேஜ்.

"இந்த நேரத்தில அக்னெஸ் ஆரோட கதைக்கிறாள்?" என்று கவலைப்பட்டார்.

இரண்டேகாலுக்கு ஜெயனி ஒரு பெருமூச்சு விட்டாள். "பிள்ளை பசி கிடக்குது. நீங்கள் அந்தக் கதிரையில இருங்கோ அண்ணை, போடுறன்."

நீக்கிலாப்பிள்ளை அருமைராசாவின் கதிரையில் அமர்ந்தார். பிரட்டல் வரையறைக்கு முற்றிலும் உட்பட்டதாக இருந்தது. சட்டியின் அடி பிடித்தே விட்டிருந்தது.

"நீங்கள் நல்லாக் கதைக்கிறியள் அங்கிள்," என்றாள் ஷெரோன், அவர் அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டதற்கு. "அடுத்த சண்டேயும் வாங்கோவன்."

அவர் படிவத்தை நிரப்பினார். மேசையில் உள்ள கதிரைகள்: மூன்று. ஆள் இருந்த கதிரைகள்: மூன்று. பேனை கொஞ்சம் தயங்கியது. ஆனால் கதிரையில் இருந்தது யார் என்ற கேள்வி படிவத்தில் இல்லை.

பிறகு மஞ்சள் லைன், செம்மஞ்சள் லைன், ஒரு பஸ், அந்தப் பஸ்ஸுக்கு இருபது நிமிடக் காத்திருப்பு. வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி நாலேகால். ஒருவருமில்லை. காலையில் வாசலில் நின்ற இரண்டு சூட்கேசுகளும் இல்லை. வீடு முழுக்க மிளகும் கொழுப்பும் மணத்தது. பதினொரு சட்டிகள் நிலத்தில் வரிசையாக நின்று அவரைப் பார்த்தன.

டனிஸ்ரனின் கைத்தொலைபேசிக்கு எடுத்தார்.

"அப்பா, எங்க நிக்கிறியள்?"

"வீட்டில."

"இப்பவோ," என்றான் டனிஸ்ரன். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாங்கள் ஏர்போர்ட்டில. அருமைராசா அங்கிள்தான் தன்ர வான் வண்டியில ஏத்திக்கொண்டு வந்தவர்."

"அருமைராசாவோ?"

"ஓம், அவர்தானே கணக்கெடுக்க வந்தவர். நீங்கள் வந்தவுடன சாப்பிடுவம் எண்டு அம்மா ரெண்டேகால் வரைக்கும் வைச்சிருந்தவ. அந்தாளும் சாப்பாடு தொடங்காமப் போகமாட்டன் எண்டு நிண்டார். பேந்து அம்மா அவரை உங்கட கதிரையில இருத்திப்போட்டா."

நீக்கிலாப்பிள்ளை அந்தக் கதிரையைப் பார்த்தார். இன்னும் பின்னால் தள்ளியபடியே இருந்தது.

"ரோஸ்ட் எப்பிடி, தம்பி?"

"சோக்கா இருந்தது அப்பா. அங்கிள் எலும்பையும் விடேல்ல. உங்களுக்கு ஒரு துண்டு அவணுக்க கிடக்கு. பிளேனுக்குக் கூப்பிடுறாங்கள். போயிட்டு எடுக்கிறன்."

அவர் அவணைத் திறந்தார். விளக்கு எரிந்தது. ஈயத்தாள் மூடிய ஒரு சாப்பாட்டுக் கோப்பை, தனியாக.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டரைக்கு உபகுழு கூடி முடிவுகளை ஏற்றுக்கொண்டது. செயலாளர் ஞானேந்திரன் எழுந்து நின்று வாசித்தார்: ஆய்வுக்கு உட்பட்ட வீடுகள் ஏழு. எல்லாக் கதிரைகளும் நிரம்பியிருந்த வீடுகள் ஏழு. நூறு வீதம். மொன்றியல் தமிழ்க் குடும்பத் தலைவர்கள் அனைவரும் ஞாயிறு மத்தியானம் ஒரு குடும்பத்தோடு அமர்ந்தே சாப்பிடுகிறார்கள் என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது. கைதட்டல்.

"நான் போன வீட்டில," என்று தொடங்கினார் அருமைராசா, "ஆட்டுத் தொடை, சொல்லி வேலையில்லை. என்ர வீட்டுக்கு ஒரு கோல் எடுப்பமெண்டால் லைன் முழுக்க என்கேஜ். அது கிடக்கட்டும். தலைவர், உங்கட பொடியன் நல்ல பொடியன். வாயைத் திறந்தால் மூடமாட்டான், என்ன?"

நீக்கிலாப்பிள்ளைக்குத் தெரிந்த டனிஸ்ரன் வாயைத் திறப்பதே அபூர்வம். "என்ன கதைச்சவன்?"

"எல்லாம்தான். அங்க ஒருத்தரையும் தெரியாது, பயமாக் கிடக்கு எண்டான். அப்பாட்டைச் சொல்லாதையுங்கோ, அவருக்கு நூறு வேலை எண்டான்." அருமைராசா நாக்கைக் கடித்துக்கொண்டார். "சொல்லிப்போட்டன்."

"உங்கட மகளும் நல்லாக் கதைப்பாள்," என்றார் நீக்கிலாப்பிள்ளை மெதுவாக.

"ஷெரோனோ? அவள் வீட்டில ஒரு சொல்லுக் கதையாள்."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். ஞானேந்திரன், படிவங்களில் வீட்டுக்காரர் கருத்து எழுதிய பகுதியை வாசிக்கவா என்று கேட்டார். ஏழில் ஒன்றில்தான் எழுதப்பட்டிருந்தது. கார்ட்டியர்வில் வீடு, அக்னெஸின் கையெழுத்து.

"'நல்ல விசயம். எங்கட வீட்டுக் குடும்பத் தலைவர் இண்டைக்கு ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆள் ஆரெண்டுதான் தெரியேல்ல.'"

நான்காவது 'நல்ல விசயம்.' நீக்கிலாப்பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். கல்கரியில் இன்னும் பதினொரு மணிகூட ஆகியிருக்காது. வீட்டுக்குப் போய்த் தொலைபேசி எடுத்தால் பொடியன் எழும்பியிருப்பான். அவர் மடக்குக் கதிரையை மடக்கிச் சுவரில் சாத்தினார், கோட்டை எடுத்தார், படியேறினார்.

இந்த மகத்தான உபகுழுவின் நீண்ட, மாசற்ற வரலாற்றில் பதிவான ஒரேயொரு ஒழுங்கு மீறல் அதுதான். கூட்டக் குறிப்பில் அது இன்றும் இருக்கிறது: 'தலைவர், உபகுழுவின் அனுமதி பெறாமல், தன் சொந்த வீட்டில் சாப்பிடப் போனார்.' கண்டனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதன்பின் எஞ்சிய ஆறு பேரும் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து, குடும்பங்களின் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டைத் தொடர்ந்து பாதுகாத்தார்கள்.