மழைப்பிணம் படுத்த கரை

திருநெல்வேலிச் சீமையிலேயே ஐப்பசி மழையில் செத்துப் பிழைத்தவர் எங்கள் தெரு மழைப்பிணம் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், கல்யாணம் ஆகாதவர், எங்களுக்கு எதிர்வீடு. நேரில் 'சார்வாள்', முதுகுக்குப் பின்னால் மழைப்பிணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டைக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில் எங்கள் வீடுதான் கடைசி. மழைக்கு மழை கரை இடிந்து அடுப்படிச் சுவர் வரை வந்துவிட்டது. அடுத்த மழையில் அடுப்படியே போய்விடும் என்று அப்பா தூங்காமல் கிடந்தார். "நான் பாக்கேன்" என்றார் மாஸ்டர்.

அடைமழை பிடித்ததும் வெள்ளை வேட்டியோடு போய் அந்தக் கரைச் சரிவில் மல்லாந்து படுத்துவிட்டார். கை இரண்டும் உடம்போடு, கண் திறந்தபடி. அதைப் பார்த்த பால்காரர் கேனைப் போட்டுவிட்டு, "சார்வாள் போயிட்டாரு வே!" என்று ஓட, தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார். பிணம் உதட்டை மட்டும் அசைத்தது.

"பைய அழுங்க ஆச்சி. தண்ணிச் சத்தம் கேக்க மாட்டேங்கு."

ஆச்சி காய்ச்சலில் விழுந்தார்.

தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது என்பதெல்லாம் முதுகுக்குத்தான் தெரியுமாம். எழுந்து வந்து நடவை ஆரம்பித்தார். தண்ணீர் ஓரத்தில் தாழை, மேட்டில் ஆடு கடிக்காத நொச்சி. நடுவில், தன் உடம்பில் பட்டுத் தண்ணீர் பிரிந்து ஓடிய கோட்டிலேயே வெட்டிவேர்.

வெட்டிவேர்ப் புல் ஆள் உருவத்திலேயே வளர்ந்தது. தலை, தோள், நீட்டிய கால். உச்சிவேளையில், காற்றே இல்லாதபோதும் அதன் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். நான் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் அடுத்த பாராவுக்குப் போகலாம்.

அம்மா அடுப்படி ஜன்னலைச் சாத்தியே வைத்தாள். "சார், ஒரு ஆளு படுத்துக் கெடக்க மாதிரியே இருக்கு. சோறு வடிக்கையில கண்ணு அங்கயே போகுது" என்று மாஸ்டரிடம் முறையிட்டாள்.

"கெடக்கட்டும்மா. அவன் எந்திரிச்சாத்தான் ஒங்க வீட்டுக்கு ஆபத்து."

தெருக்காரர்கள் பொறுக்க முடியாமல் புல்லை வெட்ட ஆள் கூட்டிவந்தார்கள். வந்தவர் மண்வெட்டியை ஓங்கிவிட்டு அப்படியே நின்றார்.

"தலையில இருந்து வெட்டவா, கால்ல இருந்து வெட்டவா அண்ணாச்சி?"

அவர் புல்லைக் கும்பிட்டுவிட்டு, கூலியும் கேட்காமல் நடையைக் கட்டினார்.

மறுவருஷக் கோடையில் ஸ்ரீவைகுண்டத்துத் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் மாஸ்டர் மாரடைப்பில் இறந்துபோனார். தெருவில் பாதிப்பேர் அதை நம்பவில்லை.

அந்த ஐப்பசியில் வாய்க்கால் பொங்கியது. எதிர்க்கரை பொத்துப் பொத்தென்று விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா பாத்திரங்களையெல்லாம் முன்னறைக்கு மாற்றினார். விடிந்து பார்த்தால், எங்கள் கரையில் ஒரு பிடி மண் நகரவில்லை.

அம்மாவைத்தான் காணோம். அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கொட்டுகிற மழையில் தான் தெப்பமாக நனைந்துகொண்டு, அந்தப் புல்லின் தலைமாட்டில் குடையை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

நான் செருப்புக்கூடப் போடாமல் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.