ரஷீதாவுக்கு நேர்கோடு வரவில்லை

இந்த வாரக் கோடுகள் போன வாரத்தைவிட மோசமாக இருந்தன.

நசீர் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். சிராங்கூன் சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்பதால், கைக்கெட்டிய கண்ணாடிகளை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டும் பார்த்தார். எந்தக் கண்ணாடியிலும் அவை நேராகவில்லை.

பயிற்சி ரொம்பச் சுலபம். தாளில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் இரண்டையும் சேர்க்க வேண்டும். ரஷீதாவின் கோடு முதல் புள்ளியில் கிளம்பி, வழியில் யாரையோ நலம் விசாரித்துவிட்டு, இரண்டாவது புள்ளிக்குப் போகாமலே நின்றுவிட்டது.

"கோட்டை விடுங்க, வட்டத்தைப் பாருங்க," என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார் அற்புதராஜ். கடையில் கண் பரிசோதனை செய்பவர். "யாரோ கடிச்சுட்டு வச்ச வடை மாதிரி இருக்கு."

"வாயை மூடுங்க. அது என் பெண்டாட்டி போட்ட வட்டம்."

"போடட்டும் பாய். ஆனா அதுக்குக் கருத்துச் சொல்றது என் பேர்ல இல்ல? என் வீட்டுக்காரி பிலோமினா பார்த்தா, நான் என்ன கண்ணாடி போட்டுக்கிட்டு அவளுக்குப் பதில் சொல்றது?"

நசீர் கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அற்புதராஜ் கேட்டதில் நியாயம் இருந்தது.

ரஷீதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிடோக்கில் இருக்கும் தங்கை ஆஸ்மா வீட்டுக்குப் போனது நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். காரணம் ஒரு திரைச்சீலை. பெருநாளுக்காக அவளே துணி எடுத்து, அவளே தைத்து, அவளே நாற்காலி மேல் ஏறி மாட்டியது. வந்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். நசீர் மட்டும் அத்தனை பேர் முன்னாலும், "ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்தே அவர் அப்படித்தான். மீன் ஆணத்தில் உப்பு, சேலையில் மடிப்பு, அவள் ஏறிய பேருந்து, அவள் வாங்கிய மாம்பழம் என்று எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லாமல் விட்டதில்லை. யாருடைய மூக்கில் கண்ணாடி ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அது. கடையில் அதற்குத் தொழில் சுத்தம் என்று பெயர். வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்தது.

"ஒரே ஒரு தடவை, நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டுத்தான் ரஷீதா போனாள்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. திரைச்சீலை உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. அவள் போன பிறகு, நாற்காலி போட்டு அதைச் சரிசெய்யலாம் என்று ஒரு நாள் ஏறினார். அவள் குத்திய ஊசி அப்படியே இருந்தது. அதைத் தொட மனம் வராமல் இறங்கிவிட்டார். அன்றுதான் அவருக்குப் புரிந்தது, இந்த வீட்டில் இனிமேல் குறை சொல்லக்கூட எதுவும் நடக்கப்போவதில்லை என்று. போன் செய்தால் ஆஸ்மாதான் எடுத்தாள். பிடோக் வரைக்கும் ஒரு தடவை போனார். தேநீர் வந்தது, ரஷீதா வரவில்லை.

பிறகு ஒரு நாள் ஆஸ்மா தன் கண்ணாடிக்குத் திருகாணி மாட்ட வந்தவள், பேச்சுவாக்கில் சொன்னாள்: "அக்கா இப்ப ஆன்லைன்ல டிராயிங் கத்துக்கிறா மச்சான். நம்ம சிங்கப்பூர்த் தமிழ் ஆளுங்க நடத்துற கிளாஸ். காலையில எழுந்தா கோடு கோடுன்னு உக்காந்துர்றா."

நசீர் அன்று மத்தியானமே அந்த வகுப்பில் சேர்ந்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் பாடத்தை முடித்தவர்கள், புதிதாக வருபவர்களின் முதல் பாடத்துக்குக் கருத்துச் சொல்ல வேண்டும். யாரிடம், எத்தனை பேரிடம் அனுப்புவது என்பது புதியவர்களின் விருப்பம். பயிற்சி தேறிவிட்டால் பச்சைக் குறி போட வேண்டும். போட்டதும் இருவரும் பேசிக்கொள்ளும் பெட்டி மூடிக்கொள்ளும், வந்தவர் அடுத்த பாடத்துக்கு வேறு ஆளிடம் போய்விடுவார். இன்னொரு கண்டிப்பும் உண்டு: எந்தக் கருத்தும் ஒரு நல்ல வார்த்தையில்தான் தொடங்க வேண்டும்.

நசீருக்குக் கோடு நன்றாக வந்தது. ஒரே வாரத்தில் தேறினார். கருத்துச் சொல்பவர்கள் பட்டியலில் தன் பெயரைப் போட முடியுமா? அற்புதராஜ் என்று போட்டுக்கொண்டார். ரஷீதா போன பிறகு கடையில் வேலைக்குச் சேர்ந்தவர், அவளுக்கு அவரைத் தெரியாது. ரஷீதா அப்போதுதான் முதல் பாடத்தை அனுப்பத் தயாராகியிருந்தாள்; அவ்வளவு பேரில் அற்புதராஜைத்தான் தேர்ந்தெடுத்தாள். நசீருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கூடவே, அப்படி என்ன இந்தப் பெயரில் கண்டாள் என்று ஒரு சின்ன எரிச்சலும் வந்தது.

அவள் அனுப்பிய முதல் பக்கத்துக்கு ஒரு நல்ல வார்த்தை கண்டுபிடிக்க அவருக்கு மத்தியான லுஹர் தொழுகையிலிருந்து சாயங்கால அசர் தொழுகை வரை ஆயிற்று. பழக்கமில்லாத வேலை. கடைசியில் எழுதினார்: 'உங்கள் புள்ளிகள் மிக அழகாக இருக்கின்றன.'

உடனே பதில் வந்தது. 'நன்றி சார். என் புள்ளியை இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொன்னதில்ல.'

எம்ஆர்டி ரயிலில் அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் இறங்க வேண்டிய நிலையத்தைக் கோட்டைவிட்டார்.

உண்மையில் அந்த முதல் பக்கக் கோடுகள் ஓரளவு நேராகவே இருந்தன. நியாயமாகப் பச்சைக் குறி போட்டிருக்க வேண்டும். போட்டால் ரஷீதா போய்விடுவாள். அதனால், 'இரண்டாவது வரிசையில் லேசான நடுக்கம். மெதுவாக இழுத்துப் பாருங்கள்,' என்று எழுதினார். குறை கண்டுபிடிப்பதில் அவருக்குச் சிரமமே இருக்கவில்லை.

அங்கேதான் பிடித்தது சனியன். மெதுவாக இழுத்ததில் அடுத்த வாரம் எல்லாக் கோடும் நடுங்கியது. 'வேகமாக இழுங்கள்' என்றார். அதற்கடுத்த வாரம் கோடு தாளைத் தாண்டி ஆஸ்மாவின் மேசை விரிப்பு வரைக்கும் போயிருந்தது. படத்தில் தெளிவாகத் தெரிந்தது. 'மணிக்கட்டை அசைக்காதீர்கள், தோளிலிருந்து கையை ஓட்டுங்கள்' என்றார்.

'தோள் வலிக்குது சார். தைலம் போட்டிருக்கேன்,' என்று வந்தது.

நசீரின் விரல் யோசிக்காமல் ஓடியது. 'குப்புறப் படுக்காதே, உனக்கு ஆகாது. தலையணையைத் தோளுக்குக் கீழே வச்சுக்க.'

அனுப்பிய பிறகுதான் பார்த்தார். அற்புதராஜ் ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "முடிஞ்சுது பாய். என் குடும்பம் முடிஞ்சுது."

'மன்னிக்கவும். இது வேறொருவருக்கு எழுதியது,' என்று அவசரமாக அடுத்ததை அனுப்பினார் நசீர்.

அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு வந்தது: 'பரவாயில்ல சார். அந்த வேறொருத்தங்க கொடுத்து வச்சவங்க.'

அன்று முழுவதும் அந்த வரி நசீரைக் குத்திக்கொண்டே இருந்தது. கண்ணாடி வாங்க வந்த ஒருவரிடம் அவருடைய மூக்கே கோணல் என்று சொல்லிவிட்டார்.

இப்போது இந்த வாரப் பக்கம். இதற்கு மேல் ஒரு கோடு கெடவும் முடியாது. கீழே இரண்டு வரி எழுதியிருந்தாள்: 'எனக்கு நேர்கோடு வரவே வராதுபோல சார். எழுத்துல சொல்றது போதல. நேர்ல வந்து காட்டலாமா? தேக்கா பக்கம் காப்பிக்கடை எங்கயாவது?'

நசீர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பார்த்தீங்களா? இத்தனை வருஷத்துல என்னை ஒரு காப்பிக்கடைக்குக் கூப்பிட்டிருப்பாளா? உங்களைக் கூப்பிடுறா!"

"என்னையா? நான் எங்க பாய் வந்தேன் இதுல?"

"அற்புதராஜ் சார்னுதானே எழுதுறா!"

"அது நீங்க!"

"அது அவளுக்குத் தெரியாதே!"

அற்புதராஜ் கதவுப் பலகையை 'மூடியிருக்கிறது' என்று திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "பேசாம நீங்களே போயி நில்லுங்க. நான்தான்னு சொல்லிருங்க. அவ்ளோதானே?"

"சொன்னா? பேரை மாத்திப் போட்டு, தேறின கோட்டைத் தேறலன்னு சொல்லி ஏமாத்தினேன்னு தெரிஞ்சா? இப்ப வாரம் ஒரு தடவை நாலு வார்த்தை வருது. அதுவும் போயிரும்." நசீரின் குரல் இறங்கியது. "அதைவிட இது பெரிய பாவம், அற்புதராஜ். அவளா ஆசைப்பட்டுச் செஞ்ச ஒரே காரியம் இது. முதல் நாள் அவளுக்குக் கோடு நல்லாத்தான் வந்துச்சு. நான் குறை சொல்லிச் சொல்லியே அவ கையைக் கெடுத்துட்டேன். வீட்டுல செஞ்சது போதாதுன்னு இங்கயும் வந்து செஞ்சுட்டேன்."

அற்புதராஜ் எழுந்தார். பலகையைத் திருப்பி வைக்கப் போய்விட்டார்.

பச்சைக் குறி போட்டு அவளை விட்டுவிடுவது என்று நசீர் முடிவு செய்தார். நல்ல ஆளிடம் போனால் அவள் கை தேறிவிடும். அவருக்கு ரஷீதா வேண்டும்தான். காலையில் கண் திறக்கும்போதும் வேண்டும், கதவைப் பூட்டும்போதும் வேண்டும். அதற்காக அவள் ஆயுசுக்கும் கோணல் கோடு போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

எழுதினார். 'உங்கள் புள்ளி அழகு. கோடு அழகு. வட்டமும் அழகு. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இனி யார் குறை சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். நேரில் வர வேண்டிய அவசியமில்லை.' இந்த முறை நல்ல வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. நிறுத்தத்தான் கஷ்டமாக இருந்தது.

பச்சைக் குறியை அழுத்தினார். பெட்டி மூடிக்கொண்டது.

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாக ஆஸ்மா உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் கண்ணாடி அலமாரியே அதிர்ந்தது. அற்புதராஜ் சத்தமில்லாமல் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மச்சான், உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?"

"என்ன ஆச்சு ஆஸ்மா?"

"நேத்துலேர்ந்து அக்கா சாப்பிடல. ஒரே அழுகை. யாரோ அற்புதராஜ் பாஸ் போட்டுட்டாராம்."

"பாஸ் போட்டா சந்தோஷம்தானே படணும்?" நசீர் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அதில் கண்ணாடியே மாட்டியிருக்கவில்லை, வெறும் சட்டம். "அது யாரு அற்புதராஜ்?"

"நடிக்காதீங்க லா. அது நீங்கதான்னு அக்காவுக்கு முதல் நாளே தெரியும். நம்ம மச்சானைத் தவிர யாரு மத்தியானம் பூரா யோசிச்சுப் புள்ளியைப் பாராட்டுவாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. காப்பிக்கடைக்குக் கூடக் கூப்பிட்டாளே, உங்களுக்குப் புரியலையா?"

நசீரின் கையிலிருந்த சட்டம் மேசையில் விழுந்தது. சந்தோஷம் வருவதற்கு முன்னால் குற்றவுணர்ச்சி முந்திக்கொண்டது.

"தெரிஞ்சுமா நான் சொன்னதையெல்லாம் கேட்டா? அவ கை அவ்ளோ மோசமாப் போயிருச்சேம்மா. என்னாலதான். வேற நல்ல ஆளு சொல்லிக்கொடுத்தாவது தேறட்டும்னுதான் பாஸ் போட்டேன்."

ஆஸ்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் போய், பரிதாபம் வந்துவிட்டது அவளுக்கு.

"அக்கா அந்தப் பாடத்தை வேற ஆள்கிட்ட எப்பவோ பாஸ் பண்ணிட்டா, நீங்க பேச்சை நிறுத்திரக் கூடாதேன்னு, உங்களுக்கு அனுப்புறத மட்டும் இடது கையால வரைஞ்சா மச்சான்."