கரடிக் காட்டில் மணியின் வாயை அடைத்த கதை

காட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். காட்டை ஒட்டிய அஞ்செட்டிக்காரன் அல்லவா? (அஞ்செட்டியில் எங்கள் வீடு பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரில் என்பதை யாரிடமும் சொல்வதில்லை.)

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, புது மெஷினைப் பழகிவர என்னையும் மஞ்சுநாத்தையும் மூன்று மாதம் ஜப்பானுக்கு அனுப்பியது. மஞ்சு ஆனேக்கல்காரன், கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுவான், யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூரை வேய்ந்த பழைய வீடுகளும் மலைமேல் ஓர் அருவியும் உள்ள கிராமத்தைப் பார்க்கப் போனோம். இலையெல்லாம் சிவந்து கிடந்தது. அருவிக்குப் போகும் பாதை தொடங்கும் இடத்தில் டீக்கடை அம்மா, கரடிப் படம் போட்ட பலகையைக் காட்டி, ஆளுக்கொரு மணியைப் பையில் கட்டிவிட்டார். ஆட்டிக்கொண்டே போனால் சத்தம் கேட்டுக் கரடி விலகிப்போகும் என்று கையால் நடித்தும் காட்டினார்.

முதல் வளைவு தாண்டியதும் என் மணிக்குள் கைக்குட்டையைத் திணித்தேன். மஞ்சுவின் மணிக்காக அவனுடைய சாக்ஸைக் கழற்ற வைத்தேன்.

"ஏன் குரு, அந்தம்மா கட்டுனதைப் போயி அடைக்கிற?"

"யோவ், மணியாட்டிக்கிட்டுப் போனா நாம இருக்கிற எடத்த நாமளே சொன்ன மாதிரி. எங்கூர்ல யானை இருக்கிற பக்கம் இருமக்கூட மாட்டோம். பேசாம வா."

பின்னால் எழுபது வயதைத் தொட்ட மூன்று பெண்கள் மணியும் பாட்டும் கைத்தட்டலுமாக வந்துகொண்டிருந்தார்கள். "இவங்களாலதான் இன்னிக்கு கரடி வரப்போவுது" என்று கிசுகிசுத்து, மஞ்சுவை இழுத்துக்கொண்டு வேகமாக முன்னே போனேன்.

அடுத்த திருப்பத்தில் கரடி நின்றது. பத்தடி தூரம். எங்கள் மணிகள் ஊமை. நாங்கள் வந்தது அதற்குத் தெரியவே இல்லை. திடுக்கிட்டு இரண்டு காலில் எழுந்தது. மார்பில் பிறை போல வெள்ளை. மகளின் முகம் கண்முன் வந்தது. என் உடலை இங்கிருந்து ஊருக்கு எப்படிக் கொண்டுபோவார்கள் என்றுகூட யோசித்தேன். செத்தேன் என்றே நினைத்தேன். இதை எழுதும்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

"கத்து குரு, எதாச்சும் கத்து!" என்றான் மஞ்சு, என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

வாயில் வந்தது, கம்பெனியில் தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோரும் கை நீட்டிச் சொல்லும் உறுதிமொழி. கையையும் நீட்டினேன்.

"பாதுகாப்பு விதிகளை முழுமையாகக் கடைப்பிடிப்பேன்! என்னையும் சக தொழிலாளரையும் காப்பேன்! விபத்தில்லாத..."

மூன்றாவது வரியில் குரல் உடைந்துவிட்டது. கரடி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அதற்குள் அந்தப் பெண்களின் மணிச்சத்தம் நெருங்க, திரும்பிப் புதருக்குள் இறங்கிப் போய்விட்டது.

வந்தவர்களில் ஒருவர் எனக்குத் தலை வணங்கினார். பிறகு மணியிலிருந்து கைக்குட்டையை உருவி, அழகாக மடித்து, என் கையிலேயே கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

யாரிடமும் சொல்லாதே என்று மஞ்சுவைக் கெஞ்சினேன். சத்தியம் செய்தான். ஊர் திரும்பிய மறுநாளே கேன்டீனில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சொன்னான்.

அன்றிலிருந்து எங்கள் ஷிஃப்டில் உறுதிமொழி சொல்லிக்கொடுப்பது நான்தான். நேற்றும் கையை நீட்டி ஆரம்பித்தேன். மூன்றாவது வரி வந்ததும் கடைசி வரிசையிலிருந்து யாரோ உறுமினார்கள். நீட்டிய கையை இறக்காமலே நான் இரண்டடி பின்னால் போனதை, சூப்பர்வைசர் வரை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.