நாக்கில்லாத மேசை மணி

மரியாதைக்குரிய டீச்சர் சார் அவர்களுக்கு,

வணக்கம். முதலில் மன்னித்துவிடுங்கள். துக்கம் நடந்த வீட்டுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதலாமா என்று எனக்கே தெரியவில்லை. நேரில் வந்தால் உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, அதையே பார்த்துக்கொண்டு நின்று, திரும்ப மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன். 'டீச்சர் சார்' என்று அழைப்பதற்கும் மன்னிக்கவும். டீச்சரின் கணவருக்குத் தனியாக ஒரு பெயர் இருக்கும் என்று பள்ளியில் எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மணியும் நலம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காரியங்கள் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு, டீச்சரின் மேசை மணியைத் துண்டில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, "நீதானேம்மா அவளுக்குச் செல்லப்பிள்ளை, நீயே வெச்சுக்க" என்று கொடுத்தீர்கள். நான் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டேன். இப்போது யோசித்தால் உங்கள் முகத்தில் துக்கத்தோடு கொஞ்சம் நிம்மதியும் தெரிந்த மாதிரி இருக்கிறது. ஒரு சின்ன மணிக்கு எதற்கு சார் அத்தனை முடிச்சு? உங்கள் வீட்டிலும் அது தானாக அடித்ததா?

விவாதப் போட்டிக்கு எங்களைத் தயார் செய்யும்போது டீச்சர் அந்த மணியை எப்படி வைத்திருப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேசுகிறவர் எங்கேயோ கேட்ட சொல்லை எடுத்துவிட்டால் உடனே உள்ளங்கையால் ஒரு தட்டு, டிங். "இது உன் வாயில இருந்து வரல. யாரோ பேசி வெச்சது. மறுபடி." அவ்வளவுதான். திட்டமாட்டார். ஆனால் அந்த டிங் போதும், காது மடல் சுட்டுவிடும். இப்போது தலைமையாசிரியர் நினைவுக் கூட்டத்தில் பழைய மாணவர்கள் சார்பாகப் பேச என் பெயரைப் போட்டுவிட்டார். நீங்கள் மேடையில் உட்கார மட்டும் செய்வீர்களாம், பேசமாட்டீர்களாம். அம்மாவிடம் சொன்னேன். "நம்ம வீட்லயே முதல்ல பட்டம் வாங்கினவ நீ, ரெண்டு வார்த்தை பேசறதுக்கு என்னடி கேடு?" என்றாள். சரியென்று ஒரு மதியம் மணியை அலமாரி மேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "அன்பே உருவான எங்கள் ஆசிரியர்" என்று ஆரம்பித்தேன். டிங். ஏதோ காற்று என்று நினைத்து, "பண்பின் சிகரம்" என்றேன். டிங். ஜன்னலை மூடினேன். "ஏணியாய் நின்று எங்களை ஏற்றியவர்." டிங். கடைசியில் எப்படியாவது முடித்துவிடலாம் என்று, "அவர் நம்மை விட்டு எங்கும் போய்விடவில்லை" என்றேன். அதற்கு மட்டும் அடிக்கவில்லை.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். அம்மாவுக்குப் பயமெல்லாம் கிடையாது, மரியாதைதான். "டீச்சர், பாப்பா இன்னும் சாப்பிடல, அப்புறமா திருத்துங்க" என்று மணியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அப்பா அப்படியில்லை. பூச்சு வேலை முடிந்து வந்தவர், கையிலிருந்த சிமெண்டைக்கூடக் கழுவாமல் திருப்புளியை எடுத்து மணியைக் கழற்றி, உள்ளே இருந்த நாக்கைத் தனியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெறும் கிண்ணத்தை மட்டும் மேசையில் கவிழ்த்துவைத்து, "இதெல்லாம் நம்ம மனப்பிரமை. எனக்கு இந்த மாதிரி விஷயத்துல பயமே கிடையாது" என்றார். டிங். அன்றிலிருந்து அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில்தான் சாப்பிடுகிறார். நாக்கைத் திருப்பிக் கேட்டால் சட்டையையே கழற்றிக் கொடுக்கிறார்.

வீட்டில் வைத்தால்தானே வம்பு என்று அதைக் கைப்பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். புத்தி கெட்டுப் போனேன் என்றுதான் சொல்லவேண்டும், நான் வேலை செய்வது பல் மருத்துவரிடம். நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார், டாக்டர் பல் பிடுங்கும் இடுக்கியைக் கையில் எடுத்து, "துளிகூட வலிக்காது பெரியவரே" என்கிறார், என் பையிலிருந்து டிங். பெரியவர் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து தெருவுக்கே போய்விட்டார். "யாரோட போன் அது?" என்றார் டாக்டர். "என்னோடதுதான் சார்" என்றேன். டிங். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லன்னா லீவு எடுத்துக்கம்மா" என்றார். அது அக்கறையில் சொன்னதுதான், மணி அடிக்கவில்லை. ஆனால் அவர் போனபிறகு பைக்குள் கையை விட்டேன். மணி வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அதுவரை அதன்மேல் கை வைத்திருந்த மாதிரி.

ஆகவே சார், பேச்சாளர் வரிசையிலிருந்து என்னை விட்டுவிடும்படி தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நான் கூச்ச சுபாவம். எனக்கு மேடையில் பேச ஆசையில்லை. மணியையும் துண்டோடு அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர் எடுத்துவரச் சம்மதித்தால். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா உங்களை விசாரிக்கச் சொன்னாள். அப்பா வாசற்படியிலிருந்தே வணக்கம் சொல்கிறார்.

என்றும் உங்கள் பணிவுள்ள,
டீச்சரின் கடைசி பெஞ்ச்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையில் போடுவதற்கு முன் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தேன். "எனக்கு மேடையில் பேச ஆசையில்லை" என்ற இடத்தில் மணி அடித்தது. ஒரு தடவை அல்ல, நான் அந்த வரியை நிறுத்தும்வரை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது சார். டீச்சரிடம் ஒரு விதி உண்டு: எதையும் ஆதரித்துப் பேசுமுன் எதிர்த்துப் பேச வேண்டும், அதில் மிஞ்சுவதுதான் ஆதரவு. கோப்பை வாங்கின பிள்ளைகள் எல்லோருக்கும் பயிற்சி அறையில் எதிரணியாக நின்று பேசியது நான்தான். அங்கே மட்டும் எனக்குக் கூச்சம் வராது. அதனால் டீச்சரையே எதிர்த்துப் பேசினேன். "எல்லாரையும் மோதிப் பழக என்கிட்ட அனுப்பினீங்க. போட்டிக்கு மட்டும் அவங்களக் கூட்டிட்டுப் போனீங்க. உனக்கு மேடை ஏற ஆசையான்னு என்னை ஒரு நாளாவது கேட்டீங்களா? இவளுக்குக் கூச்சம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அது தப்பு டீச்சர்."

மணி அடிக்கவே இல்லை. பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நல்ல வாதம் என்றால் டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்பாரே, அந்தச் சத்தம். அம்மா அடுக்களையிலிருந்து, "யாருடி வந்திருக்காங்க?" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பேசி முடித்தேன்.

கூட்டத்தில் இதையே பேசப் போகிறேன். எதிர்த்துப் பேசாமல் அவரை என்னால் புகழ முடியாது. ஆனால் எதிரணி பேசினால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அது விவாதமே இல்லை என்பார். வீட்டில் ஒரு தடவைகூட அவரிடம் வாதாடி ஜெயித்ததில்லை என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். அவர் எப்படி வாதாடுவார் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

நான் பேசி முடித்ததும், டீச்சர் பக்கம் நின்று எனக்குப் பதில் சொல்வீர்களா, சார்?